மச்சான் வீட்டில் சீசர் ஊளையிடுவதில்லை

5-7-2009, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். பதினொரு மணிக்கு வரவேண்டிய கடல் காற்று கடலூரை மறந்துவிட்டது. வாசல் கதவின் அடிப்பக்கத்தில் தகரம் அடித்தேன். பழைய பலகையைச் சீசர் பிறாண்டிப் பிறாண்டிச் சீப்பு மாதிரி ஆக்கியிருந்தான். சுத்தியல் ஒரு தடவை ஆணியில், ஒரு தடவை கட்டைவிரலில்.

சீசர்: பொமரேனியன். வெள்ளை. வயது ஐந்து. ரோமத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஓர் அணில் தேறும். நான் அவனை 'அவன்' என்பேன். ராஜி 'அது' என்பாள். எங்கள் இல்லறத்தின் சுருக்கம் இதுதான்.

இந்த வருஷம் இதுவரை அவன் தின்றவை:
- என் செருப்பு நாலு. எல்லாம் இடது கால்.
- ராஜியின் மூக்குக் கண்ணாடிக் கூடு.
- டி.வி. ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கிற பட்டன். அது மட்டும்.
- வாரப் பத்திரிகை ஒன்று. அதில் என் நகைச்சுவைத் துணுக்கு வந்திருந்த பக்கம். விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். (இனி வீ.கா.) ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கீழே அவர், மேலே நாங்கள். அவர் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஜூலை கடைசியில் நாள். தினம் ஒன்பது மணிக்குச் சீசர் விடுகிற ஊளையில் அந்தப் பெண் தூக்கிவாரிப்போட்டு எழுகிறாளாம்.

"கைக்கொழந்த வரப்போற வூட்ல நாய் ஊளை ஆவாது சார். ஒண்ணு அது, இல்லன்னா நீங்க."

வீடு மாறலாம் என்றால் இன்னும் பன்னிரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் வீடு கொடுப்பார்கள், யார் குடி போவார்கள். ஆக, மாற வேண்டியது நாய்தான். ராஜி தலையாட்டிவிட்டாள், என்னைக் கேட்காமல்.

உள்ளே ஒரு சந்தோஷமும் உண்டு, யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். கடலூரில் எத்தனை பேருக்குத் தினம் வாசல் தாண்டும்போது ஓர் உயிர் கதறி அழுகிறது? நான் கிளம்பும்போது ராஜி கேட்பது, "கேஸுக்குச் சொன்னீங்களா?"

7-7-09, செவ்வாய்

வெயில். அலுவலகத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதம்.

நடந்தது வழக்கம் போலத்தான். சட்டை, சீப்பு. பையைத் தொட்டதும் சீசருக்கு நடுக்கம். குந்தி உட்கார்ந்து அவன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "அப்பா போயிட்டு வரேன், சமத்தா இருக்கணும்" என்று ஐந்து நிமிஷம். படி இறங்கினேன். ஏழாவது படியில் ஊளை. கிளம்பும்போது நாய் ஊளை கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு நிமிஷம் ஆற விட்டு, மறுபடி கிளம்பவேண்டும். மறுபடி கிளம்பினேன். மறுபடி ஊளை. இன்று மூன்று தடவை. மூன்று டம்ளர். நான்காவது தடவை காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் மூன்று டம்ளரும் தங்கள் வேலையைக் காட்டின.

ஆபீசில் சூப்பரின்டெண்ட் அம்மாள் தலை நிமிராமல், "இன்னிக்கு எத்தினி டம்ளர் சார்?" ஐந்து வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கதை.

9-7-09, வியாழன்

அரை நாள் லீவு. கால்நடை ஆஸ்பத்திரி. ராஜியும் வந்தாள். நான் தனியாகப் போனால் நோயை டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று சந்தேகம். நியாயமான சந்தேகம்.

ஷெட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்:
- கான்ட்ராக்டர் ஒருவரின் அல்சேஷன். கன்றுக்குட்டி உயரம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில். மூன்றாவது விசிலுக்குக் கட்டிலடி ஈரம்.
- ராஜபாளையம். லுங்கி கட்டியவர்களை மட்டும் கடிக்கும். சொந்தக்காரர் இப்போது வீட்டிலும் பேன்ட்.
- நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு டாஷ். எஜமானியம்மாள் பக்கத்தில் எஜமானரை உட்கார விடாது. எஜமானருக்கு முழங்கையில் கட்டு. அந்த அம்மாள் முகத்தில் ஒரு பெருமிதம். எனக்கு அந்த முகம் தெரியும், தினம் சவரம் செய்கிறேன்.

கடைசியாகத் தேவனாம்பட்டினத்து அம்மாள் ஒருத்தி, நைலான் கயிற்றில் ஒரு செவலை நாட்டு நாயோடு. ஷெட்டுக்குள் வரவில்லை, வெயிலில் நின்றாள். உள்ளே வாங்களேன் என்றேன்.

"இது கூரைக்கி கீழ வராது சார். சுனாமி அல வந்த அன்னிலேருந்து. அஞ்சு வருசமாவப் போவுது. மழயிலயும் வெளியதான் கெடக்கும். நானும் கோணிய போத்திகினு பக்கத்துல குந்திக்குவேன்."

அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் அவரவர் நாயைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான். அந்த நாய்க்கு ஒரு காரணம் இருந்தது. என் நாய்க்கு நான் இருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். ஆனால் கண்டிப்பு. நான் தினம் கிளம்புவதை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன், தண்ணீர் குடிப்பது உட்பட. அவர் ஸ்டெதஸ்கோப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"உடம்புல ஒண்ணுமில்ல சார். தனியா வுட்டுடுவாங்களோன்னு பயம். எல்லா சாதி நாய்க்கும் வரும். ஆனா இது ஊளை வுட்டா நீங்க திரும்பி வர்றீங்க, உக்கார்றீங்க, தண்ணி வேற குடிக்கிறீங்க. நீங்க அதப் பழக்கல. அது உங்களப் பழக்கி வச்சிருக்கு."

வைத்தியம்: கிளம்பும்போது கொஞ்சல் கூடாது. சொல்லிக்கொள்ளக் கூடாது. செருப்பையும் பையையும் கண்ட நேரத்தில் எடுத்து, எங்கும் போகாமல் திரும்ப வைக்கணும். ஒரு நிமிஷம் வெளியே போய், அது கத்துவதற்கு முன்பே வரணும், பிறகு இரண்டு, ஐந்து. கத்திவிட்டால் ஓயும்வரை உள்ளே வரவே கூடாது.

போயிட்டு வரேன் என்று சொல்லாமல் வீட்டை விட்டுப் போவதா? நான் என்ன ஜாமீனில் வந்தவனா?

ராஜி வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு மட்டும் வந்தாள்.

12-7-09, ஞாயிறு

மேகம், மழையில்லை. மச்சான் வந்தான். ராஜியின் தம்பி சேகர். சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் வீடு, ஜெராக்ஸ் கடை.

அவன்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. இருப்பவை கீழ்வருவன மட்டும்: தலைமுடி. தொப்பையின்மை. ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளும் மனஉறுதி. அவனுடைய லேப்ரடார், பெயர் பிரின்ஸ், முன்னால் முறுக்கை வைத்து 'ம்' என்று சொல்கிறவரை தொடாது. நான் அப்படி ஒரு முறுக்குக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

ராஜி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டம்ளரைக்கூட விடவில்லை. நடுவில் சீசர் போய் அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கவனிக்க, 'கொண்டது' என்றுதான் எழுதுகிறேன். இன்று அது, அதுதான்.

"ரெண்டு வாரம் எங்கிட்ட வுடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

எதையும் பார்த்துக்கொள்கிற குடும்பம். ராஜி அவனுக்கு வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தாள். எனக்கு அந்த டம்ளர் பிறந்தநாளுக்கு மட்டும்.

13-7-09, திங்கள்

வாடகை ஆம்னி வேன். புதுச்சத்திரம் தாண்டியதும் என் மடியில் சீசரின் வாந்தி. அதை ஓர் அன்பின் அடையாளமாகக் கொண்டேன். சிதம்பரம் வருகிறவரை துடைக்கவில்லை. ராஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடைபெற நாலு வாக்கியம் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். சேகர் அவனைத் தூக்கிக்கொண்டு, பிரின்ஸைக் காட்டுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனான். திரும்பி எனக்குக் கையால் ஒரு சைகை: போங்க. ராஜி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். திருடன் மாதிரி வெளியே வந்தேன்.

தெருவில் நின்று காது கொடுத்தேன். கோயில் மணி. ஆட்டோ. பூக்காரம்மாள். ஊளை இல்லை.

இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது, நான் போய்விட்டது என்று ராஜியிடம் சொன்னேன். தெரிஞ்சிருக்கும் என்றாள்.

15-7-09, புதன்

போன் செய்தேன். "ஒரு சத்தம் இல்ல மாமா. தயிர்சாதம் சாப்ட்டான், தூங்கறான்." தயிர்சாதத்தை யார் பிசைந்தது என்று கேட்டேன். தட்டில் வைத்தார்களாம், அவனே சாப்பிட்டானாம். ஐந்து வருஷமாக என் கையால் உருட்டி வாயில் வைத்தால்தான் திறக்கும் வாய்.

ஆபீசுக்கு ஒன்பது ஐம்பதுக்குப் போய்விட்டேன். சூப்பரின்டெண்ட் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வூட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?"

சீசர் சேகரை ஒரு கடி கடிக்கவேண்டும் என்று ஆசை. ஆழமாக வேண்டாம். கெண்டைக்காலில், பேன்ட் கிழிகிற அளவு.

17-7-09, வெள்ளி. ஆடி ஒன்று

காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. துவைத்த வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

வீ.கா. ஒரு தட்டில் சுண்டலோடு வந்து நன்றி சொன்னார். பெண் இப்போது மத்தியானத்தில் தூங்குகிறாளாம். அவர் வாயால் "உங்கள மாரி குடித்தனக்காரர் கெடைக்கணும்." சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

ராஜி தம்பியோடு இருபது நிமிஷம் போனில். சிரிப்பு வேறு. என் துணுக்குகளைப் படித்து இப்படி ஒரு நாள் சிரித்ததில்லை. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சீசர் பிரின்ஸ் தட்டுலயே சாப்பிடுதாம், ரெண்டும் ஒண்ணா."

நாலு நாளாக இடது செருப்பு முழுசாக இருக்கிறது. போட்டுக்கொண்டு நடக்கவே பிடிக்கவில்லை. நாயைப் பற்றி ஒரு துணுக்கு எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை, பத்திரிகை ஆசிரியருக்கு எங்கே வரப்போகிறது.

19-7-09, ஞாயிறு

சேத்தியாத்தோப்பில் ஒரு பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, விடியலிலேயே பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினேன்.

சேகர் வீட்டுக்கு எதிரே டீக்கடை. தூணுக்குப் பின்னால் பெஞ்சு. ஐம்பத்தோரு வயதில் ஒரு நாயை உளவு பார்க்கிறேன்.

ஒன்பது பத்து. சேகர் வெளியே வந்தான். ஷூ, ஹெல்மெட், ஓர் உதை, கிளம்பிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. கிரில் கேட்டுக்குப் பின்னால் சீசர். வண்டி போவதைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். பிரின்ஸ் முதுகில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு மேல் மூன்று டீ.

மூன்றாவது டீயின்போது சேகரின் மனைவி மல்லிகா நேராக ரோட்டைக் கடந்து வந்தாள். "அண்ணே, டீக்கடையிலதான் இருப்பீங்கன்னு அண்ணி போன் பண்ணிட்டாங்க. இட்லி ஆறுது, வாங்க."

ராஜிக்கு எல்லாம் தெரியும். எனக்குச் சேத்தியாத்தோப்பில் சிநேகிதனே கிடையாது என்பது உட்பட.

உள்ளே போனேன். சீசர் என்னைப் பார்த்த பார்வை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பம்பரம். என் காலில் ஒன்றுக்குப் போனான். உடம்பெல்லாம் நடுக்கம். பட்டாபிஷேகம் ஆனது போல இருந்தது எனக்கு. ஒரு மணி நேரம் மடியை விட்டு இறங்கவில்லை. மல்லிகா பார்க்கட்டும் என்று அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது குந்தினேன். முகத்தை ஏந்தினேன். அப்பா போயிட்டு வரேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் செய்தேன், அதைத்தான் எழுதவேண்டும்.

கேட்டைத் தொடுவதற்குள் ஊளை. தேன். அப்புறம் ஒன்று நடந்தது: பிரின்ஸ், முறுக்குக்கு முன்னால் முனிவராக உட்காருகிற பிரின்ஸ், மூக்கைத் தூக்கிக் கூடவே ஆரம்பித்தது. பஸ் ஹாரன் குரல். நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன்.

மல்லிகா டம்ளரைக் கொண்டுவந்தாள். உடனே கொடுக்கவில்லை.

"அண்ணே, ஒரு வாரமா இது நல்லாருந்திச்சி. நீங்க வந்து ஒரு மணி நேரந்தான் ஆவுது."

டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் குடித்திருப்பேன்.

எழுந்து நடந்தேன். ஊளை தெருமுனைவரை கூட வந்தது. இந்தத் தடவை இனிக்கவில்லை.

20-7-09, திங்கள்

தூறல். சேகர் போன். நேற்றிலிருந்து சீசர் சாப்பிடவில்லை, கேட்டைப் பிறாண்டுகிறான். சேகர் ஷூவை எடுத்தால் பிரின்ஸும் முனகுகிறதாம். மரியாதையாகத்தான் சொன்னான்.

"ரெண்டுல ஒண்ணு மாமா. இங்கயே வுட்டுடுங்க, ஒரு வருசம் இந்தப் பக்கம் வராதீங்க. இல்ல, கூட்டிட்டுப் போயி டாக்டரம்மா சொன்னத நீங்க செய்யுங்க. அதுக்கு வைத்தியம் வேணாம், உங்களுக்குத்தான்."

ராஜி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன் தம்பிக்கு என் நாயைப் பிடுங்கிக்கொள்ள ஆசை என்றேன். உனக்கும் அதுதானே வேண்டும் என்றேன். இன்னும் ஏதோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருவத்தி மூணு வருசமா போயிட்டு வரேன்னு சொல்லிட்டு நானுந்தான் அம்மா வூட்டுக்கு பஸ் ஏறுறேன். ஒரு தடவ, பஸ் கெளம்புற வரைக்கும் நின்னிருக்கீங்களா? கைய ஆட்டிட்டு பொட்டிக்கடைக்குப் போயிடுவீங்க. நாய்க்கு மூணு தடவ திரும்பி வர்றீங்க. நான் ஊளை வுடல, அதான்."

மறுபடி அவரைக்காய்.

இதற்கு ஒரு துணுக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் பொறாமை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளே சொன்னாள், கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆனால் டாக்டர் சொன்னபடி என்று. கீழே போய் வீ.கா.விடம் பேசியதும் அவள்தான். குழந்தை வருகிறவரை கெடு. குழந்தை வந்தபின் ஒரு ஊளை கேட்டாலும் சீசர் சேகருக்கு, நிரந்தரமாக. சரி என்றேன்.

21-7-09, செவ்வாய்

சீசர் வந்தாயிற்று. நான் கொஞ்சவில்லை. கொஞ்சாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டேன்.

லீவு நாலு நாள். பயிற்சி எனக்கு:
- பையை மாட்டிக்கொண்டு பேப்பர் படிப்பது. கழற்றுவது. இருபது தடவை.
- செருப்போடு உட்கார்ந்து பல் தேய்ப்பது.
- கதவைத் திறந்து வெளியே நின்று பத்து எண்ணி உள்ளே வருவது. அவன் முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாவதில் முகத்தைப் பார்க்காமலிருப்பதுதான் கஷ்டம். வீ.கா. ஏதோ கேட்க மேலே வந்தவர், லுங்கி, செருப்பு, ஆபீஸ் பையோடு நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

24-7-09, வெள்ளி

நூறு எண்ணுவது இன்று. எண்பதில் ஊளை. கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு காதிலும் விரல். பதினோரு நிமிஷம். உள்ளே ராஜி அவனைக் கண்டுகொள்ளாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். ஓய்ந்தபின் உள்ளே போனேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஜலதோஷம்.

27-7-09, திங்கள்

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. வியாழக்கிழமை வீட்டுக்கு. இன்று நான் கிளம்பியபோது ஊளை நாலு நிமிஷம். திரும்பவில்லை. தண்ணீர் குடிக்காமல் போன நாள், பஸ் எதிலும் மோதவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

29-7-09, புதன்

முனகல் மட்டும். ஒரு நிமிஷம் இருக்கும். ராஜி சொல்லித்தான் தெரியும். எனக்குப் படியில் கேட்கவே இல்லை. காதில் கோளாறோ என்று குடைந்து பார்த்தேன்.

30-7-09, வியாழன்

வெயில் இல்லை, மழையும் இல்லை. எட்டரைக்குக் குழந்தை வந்தது. வாசலில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக. கைமுஷ்டி அளவு முகம். வீ.கா. என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

ஒன்பது மணி. சட்டை. பை. பீரோ ஓரம் படுத்திருந்த சீசர் ஒரு கண்ணைத் திறந்தான். போயிட்டு வரேன் தொண்டைவரை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் ராஜியிடம் சொன்னேன், அவள் திரும்புகிறவரை நின்று. ம் என்றாள். கேஸைப் பற்றிக் கேட்கவில்லை.

படி. ஏழாவது படி. கடைசிப் படி. கீழே வீ.கா.வும் நானும் அண்ணாந்து நின்றோம், தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி. ஒரு நிமிஷம். இரண்டு.

"சத்தமே இல்லியே சார்" என்றார்.

ஒரு வேளை நான் கிளம்பியதை அவன் கவனிக்கவில்லையோ. லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும். லேசாக. ஒரே ஒரு தடவை. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செருமவில்லை. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தேன்.

ஆபீஸ். பதினொரு மணிக்கு ராஜிக்குப் போன். தூங்குது என்றாள். எப்படித் தூங்குகிறான் என்று கேட்டேன். குறட்டை விட்டு என்றாள்.